பிழை இருநூறு

லியெபாயாத் துறைமுகத்தில் சரக்கு எடைபோடுகிறவள் நான்.
இரவு பத்துக்கு வீடு திரும்பினால்
சமையலறை மேசையில் ஒரு 286.
ஒரு மெகாபைட். டிரைவ் இரண்டு, அதில் ஒன்று செவிடு.
விசிறி, மீன் பொரிகிற சத்தத்தில் ஓடும்.

அதற்கு ஒரு விளையாட்டு எழுத வேண்டும்:
பனிக்கட்டி உடைக்கும் கப்பல்,
திரையெல்லாம் நட்சத்திரக் குறியாலான பனி.
எழுதத் தெரியும். எதில் எழுதுவது?
இந்த ஊரில் டிராம் பாதையே ஒன்றுதான்.
தேர்ந்தெடுத்துப் பழக்கமில்லை எனக்கு.
மூன்று வாரம் போயிற்று.

வாட்காம் கேட்டது 386.
விருந்துக்கு வந்தவர்
வீட்டை மாற்றச் சொன்ன மாதிரி.
டிஜேஜிபிபி
முப்பத்திரண்டு பிட்டுக்குக் குறைந்த வாசலை
மிதிப்பதே இல்லை.
அசெம்ப்ளர் என்றால்
அரிசியை ஒவ்வொன்றாய் எண்ணி உலையில் போட வேண்டும்.
அவ்வளவு பசி எனக்கில்லை.

டர்போ சி, தையல்காரன் போல அளவு கேட்டது:
சின்னதா, நடுத்தரமா, பெரிதா, பிரமாண்டமா?
அருகுச் சுட்டியா, தொலைவுச் சுட்டியா?
அறுபத்து நாலு கேபியைத் தாண்டினால்
எல்லாமே தொலைவு அதற்கு.

இல்மார்ஸ் அயர்லாந்தில் இருக்கிறான்.
காவனில், காளான் பறிக்கிற வேலை.
பிரிந்து இரண்டு வருஷம்.
சோபா அவன் அக்காவுக்கு, கார் பாங்குக்கு.
இந்த விளையாட்டு மட்டும் பாகம் பிரியாத சொத்து.

கடைசியில் டர்போ பாஸ்கல்.
எஃப்9 தட்டினேன்.
கோப்பையைக் கீழே வைப்பதற்குள் முடித்துவிட்டு
இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தது.
அன்று இரவு கப்பல் நகர்ந்தது, வெண்ணெயில் கத்தி போல.
மறுநாள் ஃபிளாப்பியை
கம்புரொட்டி வந்த அட்டையில் பொதிந்து தபாலில் போட்டேன்.

பதில் பதினோரு நாள் கழித்து.
"விஸ்மா, என் பென்டியத்தில்
திறக்கும்போதே செத்துவிடுகிறது.
பிழை 200, பூஜ்யத்தால் வகுத்தல்.
எதை வகுத்தாய்?"

நான் எதையும் வகுக்கவில்லை.
சிஆர்டி என்று ஒரு யூனிட்.
எழுந்ததும் முதல் வேலையாக
இந்த இயந்திரம் எவ்வளவு வேகம் என்று
சும்மாவே சுற்றிச் சுற்றி எண்ணும்.
எண்ணியதை ஐம்பத்தைந்தால் வகுக்கும்.
வேகம் மிகுந்துபோனால்
விடை, கிண்ணத்தில் கொள்ளாமல் வழியும்.
வழிந்தாலும் சரி, நிஜமாகவே பூஜ்யமானாலும் சரி,
சில்லுக்குத் தெரிந்த கூச்சல் ஒன்றுதான்.
(எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது,
எது நடந்தாலும் அதே சண்டை.)

கடிதத்தின் அடியில் எழுதியிருந்தான்:
"ஃப்ரீ பாஸ்கலுக்கு மாறேன்.
அந்த 286-ஐ ஏரியில் போடு.
நல்லதாய் ஒன்று வாங்கப் பணம் அனுப்புகிறேன்."
ஒன்பது நாள் நான் பதில் போடவில்லை.
காற்று ஜன்னலைப் போட்டு உலுக்கியது.
பணமாம்.

பத்தாம் நாள்
அந்த யூனிட்டின் பெயரை ஒரே அடியில் அழித்தேன்.
நிறம் போயிற்று. காத்திருக்கத் தெரிந்த கட்டளையும் போயிற்று.
கப்பல், அவிழ்த்துவிட்ட நாய் போல
திரையின் மறுகோடிக்கு ஓடி முட்டியது.

நினைவகத்தில், நாற்பதாம் தெரு, ஆறு-சி கதவு.
அங்கே ஓர் எண்
வினாடிக்குப் பதினெட்டு முறை, சொச்சம்,
யாரும் கேட்காமலே ஏறிக்கொண்டிருக்கும்.
என் கிழட்டுப் பெட்டியிலும் பதினெட்டு.
காவனில், அவன் அவசரக்கார இயந்திரத்திலும்
அதே பதினெட்டு.
கப்பலை அந்த எண்ணோடு கட்டினேன்.
அது ஏறினால் ஒரு கட்டம்,
ஏறாவிட்டால் நில்.

இந்த முறை வேறு அட்டை. சீட்டு எதுவும் வைக்கவில்லை.

நேற்று வந்தது பதில்:
"ஓடுகிறது. பனி ஜாஸ்தி.
மூன்றாவது கட்டத்தில் மாட்டிக்கொண்டேன்.
வழி எங்கே?"

மூன்றாவது கட்டத்தில் வழி கிடையாது.
வைக்க மறந்துவிட்டேன்.
அதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை.